ரப்பர் தேய்த்த இடத்தில் இருந்த எண்: உயிரியல் பாடநூல் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயிரியல் பாடநூல்களையும் செய்முறைக் கையேடுகளையும் எழுதும் ஆசிரியர்களுக்கும், செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் முறை வகுக்கும் குழுக்களுக்கும்,

வணக்கம். உயிரியலைப் புதிதாகத் தொடங்கும் மாணவர்களோடு ஆய்வுக்கூடத்தில் பல வருடங்களாக நிற்பவன் நான். உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்பதற்கு முன் ஒரு மாணவியின் ரெக்கார்ட் நோட்டில் ஒரு பக்கத்தைக் காட்ட விரும்புகிறேன்.

ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை வைத்துச் செய்யும் ஒளிச்சேர்க்கைச் சோதனை. தண்ணீரில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்து, வெட்டிய தண்டை அதில் அமிழ்த்தி, விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை குமிழி வருகிறது என்று எண்ணுவது. அவள் அட்டவணையில் விளக்கு 10 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது 38 குமிழி, 20-ல் 27, 30-ல் 16, 40-ல் 11, 50-ல் 6. படிக்கட்டு மாதிரி இறங்கும் எண்கள். ஆனால் அந்த 11 இருந்த இடத்தில் தாள் சொரசொரத்துப் போயிருந்தது. நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், ரப்பர் தேய்த்தும் போகாத பென்சில் தடம் தெரிந்தது: 21.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"21 தான் வந்துச்சு சார். ஆனா குறையணும்ல? தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"திரும்ப எண்ணிப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார். 20 வந்துச்சு."

இரண்டு முறை எண்ணியிருக்கிறாள். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே எண். அதற்குப் பிறகும் 11 என்று எழுதியிருக்கிறாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் கையில் இருந்த கையேட்டில், அட்டவணைக்கு மேலேயே ஒரு வரி அச்சாகியிருந்தது: விளக்கின் தூரம் கூடக் கூடக் குமிழிகளின் எண்ணிக்கை குறையும். கடைசியில் 'சரியான முடிவுக்கு' என்று தனியாக மதிப்பெண். விடையை முதலிலேயே சொல்லிவிட்டு, அந்த விடை வந்தால்தான் மதிப்பெண் என்று சொன்னால், புத்திசாலியான எந்தப் பிள்ளையும் அவள் செய்ததைத்தான் செய்யும்.

அதே பாடத்திட்டத்தின் பாடநூலை எடுத்து முதல் அத்தியாயத்தைத் திறந்தால், 'அறிவியல் முறை' என்ற தலைப்பில் ஐந்து பெட்டிகள் இருக்கும். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, தரவு, முடிவு. பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து, தேர்வில் வரிசை மாறாமல் எழுதி, மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இரண்டாம் அத்தியாயத்திலிருந்து அந்தப் பெட்டிகளின் சுவடே இருக்காது. செல், திசு, மரபணு, சுவாசம் எல்லாம் யாரோ எப்போதோ தீர்த்துவைத்துவிட்ட விஷயங்களாக வரிசையாக வரும். யார் கேட்டார்கள், எப்படித் தேடினார்கள், எங்கே வழி தவறினார்கள் என்பதற்கு இடமே இல்லை. முறையைப் பற்றி ஒரு அத்தியாயம், முறையே இல்லாமல் இருபது அத்தியாயங்கள். இதுதான் என் மனக்குறை.

நானும் இதே வழியில் வந்தவன்தான். மாணவனாக இருந்தபோது, வெங்காய வேர் நுனியில் செல் பிரிவதைப் பார்த்து வரையச் சொன்னார்கள். நான் தயாரித்த சிலைடில் செல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நசுங்கிக் கிடந்தன. சாயமும் சரியாகப் பிடிக்கவில்லை. பிரிந்துகொண்டிருக்கும் செல் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. புத்தகத்தைப் பார்த்து நான்கு நிலைகளையும் சுத்தமாக வரைந்து கொடுத்தேன். 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சிலைடை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிவப்பு மை எனக்கு உறுத்துகிறது.

இதெல்லாம் பிள்ளைகளின் பழக்கம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை என்பதற்கு, உங்கள் பாடநூலில் ஒரே ஒரு வரியாக இருக்கும் ஒரு விஷயத்தின் கதையே சாட்சி. மனித செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்ற வரி அது.

1920-களில் தியோபிலஸ் பெயின்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனித விந்தகத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி எண்ணினார். அந்த முறையில் குரோமோசோம்கள் நூல் சிக்கல் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். 46-ஆ 48-ஆ என்று முதலில் அவரே தயங்கினார். 1923-ல் 48 என்று முடிவு செய்து எழுதினார். அவ்வளவுதான். அதற்கடுத்து முப்பது வருடங்களுக்கு மேல் பாடநூல்கள் எல்லாம் 48 என்றே சொல்லின. இடையில் எண்ணிப் பார்த்த மற்றவர்களுக்கும் 48 தான் கிடைத்தது. 1952-ல் டி.சி. சூ என்பவர், உப்புச் செறிவு குறைந்த கரைசலில் செல்களை ஊறவைத்தால் அவை உப்பிக் குரோமோசோம்கள் தனித்தனியாக விலகி நிற்கும் என்று கண்டார். இன்றைக்கும் பயன்படும் அருமையான வழி. முன்பு யாருக்கும் தெரியாத அளவு தெளிவாக அவருக்குத் தெரிந்தது. அவரும் எண்ணி, 48 என்றே எழுதினார்.

1955 டிசம்பரில் சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ, மனிதக் கருவின் நுரையீரல் செல்களை வளர்த்துப் பார்த்தபோது 46 என்று எண்ணினார். திரும்பத் திரும்ப 46. அவரும் ஆல்பர்ட் லெவானும் 1956-ல் அதை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இவர்களுக்கு முன்பே வேறு சில ஆய்வாளர்கள் மனிதக் கருவின் கல்லீரல் செல்களில் குரோமோசோம்களை எண்ணியிருக்கிறார்கள். அவர்களுக்கும் திரும்பத் திரும்ப 46 தான் வந்திருக்கிறது. 48 குரோமோசோம்களையும் முழுதாகக் கண்டுபிடிக்க முடியவில்லையே, நம் சிலைடில் ஏதோ கோளாறு என்று எண்ணி, அந்த வேலையையே கைவிட்டுவிட்டார்கள்.

சரியான எண் அவர்கள் கண் முன்னால் இருந்தது. அச்சில் வேறு எண் இருந்ததால் அதைக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டார்கள். 21-ஐ அழித்துவிட்டு 11 என்று எழுதிய பெண்ணும் அவர்களும் செய்தது ஒரே காரியம். அவளுக்கு வயது குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இரண்டு குரோமோசோம் ஒரு சின்னக் கணக்குப் பிழை இல்லையா, அதனால் என்ன வந்துவிட்டது என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. 1959-ல் ஜெரோம் லெஜூனும் அவரோடு பணியாற்றியவர்களும், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் செல்களில் 47 குரோமோசோம் இருப்பதை வெளியிட்டார்கள். இயல்பான எண்ணிக்கை 46 என்று தெரிந்திருந்தால்தான் 47 என்பது 'ஒன்று கூடுதல்' என்று புரியும். 48 என்றே நம்பிக்கொண்டிருந்தால், அதை 'ஒன்று குறைவு' என்று அல்லவா படித்திருப்பார்கள்?

இந்தக் கதை அரைப் பக்கம்கூடப் பிடிக்காது. நீங்கள் அந்த ஒரு வரியோடு இதையும் அச்சிட்டிருந்தால், முதல் அத்தியாயத்தின் ஐந்து பெட்டிகளால் சொல்ல முடியாததை மாணவன் புரிந்துகொண்டிருப்பான்.

சரி, அந்த 21 என்ன ஆனது என்று சொல்கிறேன். மறுநாள் அவளையும் அவளோடு சோதனை செய்த மாணவனையும் கூப்பிட்டு, அந்த எண் சரி என்றே வைத்துக்கொண்டால் என்ன காரணமாக இருக்கும் என்று யோசிக்கச் சொன்னேன். குமிழி சின்னதாக இருந்திருக்கலாம், அப்படியானால் அதே வாயு அதிக எண்ணிக்கையில் வந்திருக்கும் என்றான் அவன். நல்ல யோசனை, குமிழியை எண்ணுவதைவிட வாயுவைக் குழாயில் பிடித்து அளப்பதே மேல் என்பது அதிலிருந்து வரும். பக்கத்தில் இருந்த விளக்கின் சூட்டில் தண்ணீர் சூடாகியிருக்கலாம் என்றாள் அவள். ஆனால் அதற்குள் விளக்கைத் தள்ளி வைத்தாயிற்றே என்று அவளே மறுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 40 செ.மீ.க்கு எண்ணிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக வெயில் மேசை மேல் விழுந்தது. கண் கூசியதால், அடுத்த அளவை எடுப்பதற்கு முன் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரையை இழுத்துவிட்டார்கள்.

விளக்கை 40 செ.மீ.யிலேயே வைத்து, திரையை மூடி மூன்று முறை, திறந்து மூன்று முறை எண்ணினார்கள். மூடியபோது 12, 10, 12. திறந்தபோது 22, 19, 23. அந்தப் பெண் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்போ தூரம் முக்கியமில்ல சார். செடிக்கு எவ்வளவு வெளிச்சம் போய்ச் சேருதுங்கிறதுதான்."

கவனியுங்கள். மற்ற நான்கு எண்களும் கையேடு ஏற்கெனவே சொன்னதைத்தான் சொல்லின. கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னது அழிக்கப்பட்ட அந்த எண் மட்டும்தான். 'மற்ற காரணிகளை மாறாமல் வைத்திருக்க வேண்டும்' என்று முதல் அத்தியாயத்தில் அவள் பத்து முறை படித்திருப்பாள். ஜன்னல் திரை ஒரு காரணி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாடநூல் செய்யும் இன்னொரு காரியமும் என்னை வருத்துகிறது. தவறிப் போனவர்களை ஒரு வரியில் முட்டாளாக்கிவிடுகிறது. வான் ஹெல்மாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். செடி தண்ணீரிலிருந்தே உருவாகிறது என்று தவறாக நினைத்தவர் என்று ஒரு வரி. அவர் செய்ததோ ஒரு தவம். உலையில் காய்ந்த மண் 200 பவுண்டு. அதில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்று. தூசி விழாமல் தொட்டியைத் துளையிட்ட தகட்டால் மூடி, மழைநீரோ வடித்த நீரோ மட்டும் ஊற்றி, ஐந்து வருடம் காத்திருந்தார். மரம் 169 பவுண்டும் சுமார் 3 அவுன்ஸும் ஆனது. மண்ணைத் திரும்பக் காயவைத்து நிறுத்தால் சுமார் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. மரத்தின் உடம்பு மண்ணிலிருந்து வரவில்லை என்பதை எடைபோட்டே காட்டிவிட்டார். அவர் இறந்த பிறகு, 1648-ல் இது அச்சில் வந்தது.

அவர் ஊற்றியது தண்ணீர் மட்டும், ஆகவே மரம் தண்ணீரால் ஆனது என்று முடிவு செய்தார். காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் 'வாயு' என்று நாம் இன்று சொல்வதற்கு மேலை மொழிகளில் வழங்கும் 'காஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரே அவர்தான். கரி எரியும்போதும் திராட்சைச் சாறு நுரைக்கும்போதும் வருவது ஒரே வாயு என்றும் எழுதியிருக்கிறார். நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்று சொல்வது. மரத்தின் உலர்ந்த எடைக்குப் பெரும்பங்கு தந்த பொருளை அவர் வேறு இடத்தில் கண்டு பெயரும் வைத்துவிட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. குறைந்துபோன அந்த 2 அவுன்ஸையும் அவர் பொருட்படுத்தவில்லை. செடி மண்ணிலிருந்து எடுக்கும் தாதுக்களை நினைத்தால், அந்தச் சின்னக் குறைவிலும் ஒரு சேதி இருந்திருக்கலாம். இதை வகுப்பில் சொல்லிவிட்டு, நீங்களாக இருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மாணவர்கள் தாமாகவே மூடிய கண்ணாடிக்குள் செடியை வைப்பது வரை வந்துவிடுவார்கள். ப்ரீஸ்ட்லி புதினாவை வைத்து 1771-ல் செய்ததற்கு மிகப் பக்கத்தில் அது.

பாஸ்டரின் அன்னக்கழுத்துக் குடுவையும் இதே மாதிரிதான் சுருங்கிப் போயிருக்கிறது. உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றும் என்றார் பூஷே, தோன்றாது என்றார் பாஸ்டர். பாஸ்டர் வென்றார், பூஷே தோற்றார் என்று முடித்துவிடுகிறோம். பூஷே காய்ந்த புல்லைக் கொதிக்கவைத்த சாற்றைப் பயன்படுத்தினார், பாஸ்டர் ஈஸ்ட் கலந்த நீரை. புல்லில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை என்பதை ஃபெர்டினான்ட் கோன் 1876-ல்தான் காட்டினார். ஆக பூஷே தம் குடுவையில் உயிர்களைக் கண்டதாகச் சொன்னது உண்மையாகவே இருக்கக்கூடும். அவை எங்கிருந்து வந்தன என்பதில்தான் தவறினார். இதை அறிந்தால் பாஸ்டரின் பெருமை குறையாது. கொதிக்கவைத்தாலே எல்லாம் செத்துவிடும் என்ற அனுமானம் இரண்டு பக்கமும் இருந்தது என்பது மாணவனுக்குப் புரியும்.

மெண்டலின் பட்டாணிச் செடிச் சோதனையைப் பற்றியும் ஒரு சின்ன வேண்டுகோள் இருக்கிறது. 3:1 என்று மட்டும் அச்சிடாதீர்கள். அவர் எண்ணியது 5474 உருண்டை விதை, 1850 சுருங்கிய விதை. உயரமான செடி 787, குட்டைச் செடி 277. ஒன்று 2.96, இன்னொன்று 2.84. எதுவும் மூன்றாக இல்லை. அந்த மேடுபள்ளத்துக்கு நடுவே மூன்றைக் கண்டதுதான் அவருடைய வேலை. மாணவன் நாற்பது விதையை எண்ணி 28-க்கு 12 என்று வந்தால் பயந்துபோய் 30-க்கு 10 என்று திருத்துகிறான். 5474-ஐப் பார்த்த பிள்ளை திருத்த மாட்டான்.

சொற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நூலில் 'செல் கொள்கை', இன்னொன்றில் 'செல் கோட்பாடு', அப்புறம் கருதுகோளையும் சில இடங்களில் கோட்பாடு என்றே எழுதிவிடுகிறோம். 'கொள்கை' என்றால் தமிழில் ஒருவர் பற்றிக்கொண்டிருக்கும் நிலைப்பாடு என்றுதான் காதில் விழும். சோதித்துத் தேறிய விளக்கம் என்று விழாது. பரிணாமம் வெறும் கோட்பாடுதானே என்று மாணவர்கள் கேட்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது. மூன்று சொல்லையும் மூன்று பொருளுக்கு என்று ஒரு முறை தீர்மானித்துவிடுங்கள். இதோடு 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லையும் பாருங்கள். ஒரே ஒரு இலையில் கறுப்புத் தாளைச் சுற்றி, பிறகு மாவுப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க அயோடின் ஊற்றி, ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை என்பது நிரூபிக்கப்பட்டது என்று எழுதச் சொல்கிறோம். தாள் காற்றையும் தடுத்திருக்கலாமே சார் என்று ஒருவன் கேட்டான். ஒளி புகும் தாளை அதே மாதிரி இன்னொரு இலையில் சுற்றினால் அந்தச் சந்தேகம் தீரும். கையேட்டில் அந்த இரண்டாவது இலை இல்லை.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும். பாடம் மலைபோல் இருக்கிறது, ஒரு குமிழிக்கு மூன்று நாள் செலவழித்தால் வருடம் போதாது. உண்மைதான். எல்லாச் சோதனையையும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. பருவத்துக்கு ஒன்றைச் செய்தால்கூடப் போதும். அதற்காக வேறு மூன்றை எடுத்துவிட்டாலும் நஷ்டமில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: மாணவனுக்கு வந்ததெல்லாம் சரி என்று சொல்லிவிட்டால், எந்தத் தப்பான எண்ணும் அறிவியலாகிவிடாதா? ஆகாது. ஒரு மாணவியின் 21 ஒளிச்சேர்க்கையைப் புரட்டிப்போடாது. புத்தகத்துக்கு மாறாக வரும் எண்களில் பெரும்பாலானவை கைப்பிழையாகத்தான் இருக்கும் என்று நானே முதல் நாளில் சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்தக் கை, எந்த இடத்தில், எப்படிப் பிழைத்தது என்று தேடிப் பிடிப்பது இருக்கிறதே, அதுதான் ஆய்வாளர்கள் தினமும் செய்யும் வேலை. அழித்துவிட்டால் தேட ஒன்றும் இருக்காது.

ஆகவே நான் கேட்பது இதுதான். செய்முறைக் கையேட்டில் அட்டவணைக்கு முன்னால் முடிவை அச்சிடாதீர்கள். 'சரியான முடிவுக்கு' என்று ஒதுக்கிய மதிப்பெண்ணை, கண்டதை அப்படியே எழுதியதற்கும், மாறாக வந்ததற்குக் காரணம் தேடியதற்கும் கொடுங்கள். ரெக்கார்டைப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். தவறு என்று தோன்றினால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்கட்டும். அத்தியாயத்துக்கு ஒரு உண்மையையாவது அது கிடைத்த வழியோடு சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்தின் ஐந்து பெட்டிகள் இருக்கட்டும், ஆனால் அம்புக்குறியைத் திருப்பியும் போடுங்கள். முடிவிலிருந்து மறுபடி உற்றுநோக்கலுக்கு ஓடியவர்கள்தான் அதிகம்.

அந்த மாணவி 11-ஐ ஒரு கோட்டால் அடித்துவிட்டு 21 என்று பேனாவில் எழுதினாள். பக்கத்தில் 'ஜன்னல் திரை திறந்திருந்தது' என்று குறிப்பு. அந்தப் பக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டேன். நீங்கள் வகுத்த முறைப்படி 'சரியான முடிவுக்கு' உரிய மதிப்பெண்ணைக் குறைத்திருக்க வேண்டும். அடுத்த வருடமாவது, உங்கள் முறைப்படியே அந்தப் பக்கத்துக்கு முழு மதிப்பெண் போட எனக்கு வழி செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆய்வுக்கூட ஆசிரியர் ஒருவர்